தம்பி பேரில் வந்த சோறு

ஒரே நேரத்தில் இரண்டு விருந்து வந்தால் எந்த வீட்டுக்காரிக்கும் கை கால் ஓடாதுதான். அதில் ஒன்று பெண் பார்க்க வந்தது, மற்றது வறுமை பார்க்க வந்தது என்றால் அவள் எந்தப் பக்கம் ஓடுவாள்?

பலாபத்வலச் சந்தி தாண்டி, ரோட்டைப் பார்த்து நிற்கும் அந்த ஓட்டு வீட்டின் வாசலில் கைறுன்னிஸாவைப் போன வாரம் அப்படித்தான் நிற்க வைத்துவிட்டு வந்தோம். மாத்தளை டவுனிலிருந்து வந்த ஹயர் கார் பலா மரத்தடியில் நிற்கிறது. அதிலிருந்து மாப்பிள்ளையின் தாய் ஸுபைதா மாமி, மூத்த மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். அதே நேரம் பஸ்ஸிலிருந்து தோற்பையும் குடையுமாக ஒருவர் இறங்கி, "ஜுனைதீன்ர வீடு இதுதானோ?" என்று ரோட்டிலேயே விசாரிக்கிறார்.

குரலைக் கேட்டதும் கைறுன்னிஸாவுக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பேச்சு, தோற்பை, குடை. வேறு யார்? அரசாங்கக் கச்சேரியில் சமூக சேவைப் பகுதி மகாலிங்கம் ஐயா. மூன்று வருஷத்துக்கு முந்தி, வீட்டுக்கு வராமல் கச்சேரியில் வைத்தே அவளுக்குப் பிச்சைச் சம்பளம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

அரசாங்கம் அந்தக் காசுக்குப் பொதுசன உதவிப் பணம் என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயரை யார் சொல்கிறார்கள்? தபால் கந்தோர் வரிசையில் நிற்கிறவளும் சொல்வதில்லை, யன்னலுக்குள்ளிருந்து கொடுக்கிறவனும் சொல்வதில்லை. பிச்சைச் சம்பளம்தான் ஊர் வைத்த பெயர்.

முன் அத்தியாயங்களைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. கைறுன்னிஸாவின் புருஷன் ஜுனைதீன் ஒரு காலத்தில் மிளகும் கொக்கோவும் லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிய மனிதர். நோன்பு இருபத்தேழில் இதே வாசலில் நின்று ஏழைகளுக்கு ஸகாத் கொடுத்தவர். நாலந்தாப் பக்கம் லொறி புரண்ட நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே உடம்பு செத்துப்போய் முன்னறைக் கட்டிலில் கிடக்கிறார். புரண்டு படுக்கவும் ஒரு ஆள் வேண்டும். "யாரிட்டயும் கை நீட்டிராத கைறு. பிச்சைச் சம்பளம் இந்த ஊட்டுக்குள்ள வந்தா எனக்கு அது மௌத்துதான்," என்று ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றே சொல்லிவிட்டார். அடுப்பு எரிய வேறு வழி என்னவென்று மட்டும் சொல்லவில்லை.

அவள் என்ன செய்வாள்? அரிசிக் கூப்பன் கடதாசி என்று சொல்லி அவருடைய கையெழுத்தையே வாங்கி, பிச்சைச் சம்பளத்துக்கு எழுதிப் போட்டாள். காசு வரத் தொடங்கியதும், "ஒங்கட தம்பி தந்தார்," என்றாள். அன்றைக்கு மாட்டிக்கொண்டவள்தான். மாதம் ஒரு நாள், தம்பி கடைக்குப் போய்வருகிறேன் என்று புறப்பட்டுத் தபால் கந்தோருக்குப் போவாள். திரும்பி வந்து, "தம்பி சலாம் சொன்னார்," என்பாள். ஜுனைதீன் படுத்தபடியே ஐந்து வக்தும் தொழுது, தம்பியின் கடைக்கும் பிள்ளை குட்டிகளுக்கும் பரக்கத்துக் கேட்டு துஆச் செய்வார். ஒரு சதமும் தராத தம்பிக்கு!

அந்தத் தம்பி புஹாரி மாத்தளையில் புடவைக் கடை வைத்திருக்கிறார். அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதலாமென்று நானும் எத்தனையோ வாரமாகப் பார்க்கிறேன். வெள்ளைச் சாரத்துக்கு நீலம் போட்டு உடுக்கிறார் என்பதற்கு மேல் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. நானா என்று அவர் கூப்பிடுகிற அண்ணன் தன்னை ஊரெல்லாம் புகழ்வது காதில் விழுந்தபோது, நான் கொடுக்கவில்லையே என்று சொல்லியிருக்கலாமல்லவா? "அல்லாஹ் தாறான், நான் குடுக்கிறேன்," என்று சொன்ன மனிதர் அவர். குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர் என்ற உரிமையில், அண்ணன் மகள் ஜெஸீமாவுக்கு மாப்பிள்ளையும் அவரே பேசி, இன்றைக்கு ஸுபைதா மாமியையும் கூட்டிவந்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு நாலந்தாவில் சில்லறைக் கடை.

"மதினி, ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க? மாமிய உள்ளுக்குக் கூட்டிப் போங்க," என்று விறாந்தையிலிருந்து புஹாரி அதட்டினார்.

கைறுன்னிஸா மாமியைக் கூட்டிப்போய் ஹோலில் இருத்தினாள். ஹோல் என்றால் இன்றைக்கு ஹோல்! பக்கத்து வீட்டு நோனா ராத்தாவின் ஆறு கதிரை, தங்கக் கரை போட்ட கோப்பை பீரிஸ், மேசை மேல் பின்னல் துணி விரித்து ஒரு ரேடியோ. பெண் பார்க்க வருகிற வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சாமான் கொடுப்பது எங்கள் பக்கத்து முறை. நாளைக்கு நோனா ராத்தாவின் மகளைப் பார்க்க வந்தால் இந்த வீட்டு வட்டாவும் பன்னீர்ச் செம்பும் அங்கே போகும். வருகிறவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

இந்த முறையெல்லாம் கச்சேரிக்காரருக்கு எங்கே தெரியப்போகிறது!

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கைறுன்னிஸா பக்கவாட்டால் ஓடிப்போய், மகாலிங்கம் படியேறுவதற்கு முன் மறித்தாள்.

"ஐயா, இன்டைக்கு மட்டும் ஏலாதுங்க. ஊட்டுல விசேஷம். நாளைக்கு நானே கச்சேரிக்கு வாறேன்."

மகாலிங்கம் கெட்ட மனிதரல்ல. வெயிலில் வந்த மனிதர். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, நாளைக்கு நான் பல்லேகமைக்குப் போறன். அதுக்குப் பிறகு பௌர்ணமிப் போயா லீவு. உங்களைப் பற்றி ஒரு மொட்டைப் பெட்டிசம் வந்திருக்கு. இந்தக் கிழமைக்குள்ள விசாரிச்சு எழுதாட்டி காசு தானா நிண்டிடும். எனக்கென்ன, திரும்பிப் போகச் சொன்னாப் போறன்."

திரும்பிப் போகச் சொல்ல முடியுமா? காசு நின்றால் அடுத்த மாதம் புருஷனின் மருந்து நிற்கும், அதற்கு முந்தி அடுப்பு நிற்கும்.

"யாரு மதினி அது?" என்றார் புஹாரி.

"கூப்பன் விசாரணைங்க தம்பி."

"கூப்பன்காரருக்குத் தேத்தண்ணி குடு கைறு," என்று முன்னறைக் கட்டிலிலிருந்து ஜுனைதீனின் குரல் வந்தது. "பாவம், வெயில்ல வந்திருப்பார்."

மகாலிங்கம் விறாந்தையில், புஹாரிக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கதிரையைத் தடவிப் பார்த்தார். வாசல் திரைக்கு மேலால் தெரிந்த ரேடியோவையும் பார்த்தார். "வசதியாத்தான் இருக்கிறியள் போல," என்றார். திரைக்குப் பின்னால் வந்து நின்ற கைறுன்னிஸாவால் என்ன சொல்ல முடியும்? இரவல் என்றால் இந்தப் பக்கம் மாமியின் காதில் விழும். சொந்தம் என்றால் அந்தப் பக்கம் ஐயா எழுதிக்கொள்வார். அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"வாசிக்கத் தெரியுமோ அம்மா? இதுதான் பெட்டிசம். உங்களுக்குக் காட்ட வேண்டியது என்ர கடமை." திரையின் ஓரத்தால் ஒரு கடதாசி வந்தது.

முதலில் அவள் கண்ணில் பட்டது தலைப்பில் இருந்த 786. பிஸ்மிக்குப் பதிலாக நம்மவர்கள் கடிதத்தின் உச்சியில் போடுகிற இலக்கம். அப்படியானால் எழுதியது நம்ம ஆள்தான் என்று அவள் பல்லைக் கடித்தாள். எந்தப் பாவி? எவளுக்கு நான் என்ன செய்தேன்?

பிறகு எழுத்துக் கூட்டி வாசித்தாள். மேற்படி வீட்டுக்கு அரசாங்க உதவி கிடைக்கிறது. ஆனால் மாத்தளை புஹாரி முதலாளியே தம்மைக் காப்பாற்றுவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். இரண்டில் எது உண்மை என்று நேரில் வந்து, வீட்டுக்காரர் முன்னிலையில் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு ஊரவன்.

ஊரவனாம்! மாதம் தவறாமல் கூட்டுறவுச் சங்கக்கடைக்குக் கொண்டுபோகிற சாமான் எழுதின துண்டு இதே கையெழுத்தில்தானே இருக்கும்? தாய்க்கு மகளின் எழுத்துத் தெரியாதா?

அவள் திரும்பிப் பார்த்தாள். ஹோலில், பாயில், இரவல் மாலையும் இரவல் காப்புமாக ஜெஸீமா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். குர்ஆன் எத்தனை தரம் முடித்தாய், வட்டிலப்பம் அவிக்கத் தெரியுமா என்று ஸுபைதா மாமி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உம்மாவின் கையிலிருந்த கடதாசியைக் கண்டதும் ஜெஸீமா தலையை நிமிர்த்தினாள். நிமிர்த்தியவள் குனியவேயில்லை.

"மகள், தேத்தண்ணி ஊத்த வாங்க," என்றாள் கைறுன்னிஸா.

குசினிக்குள் போனதும் பிள்ளையின் மேற்கையைப் பிடித்து நுள்ளினாள். "நீதானா?"

"ஓம்."

"ஒனக்கென்ன பைத்தியமா புள்ள? அந்தக் காசு நின்டா என்னத்தத் திங்கிற?"

"தறிச் சம்பளத்தத் திங்கலாம். போயா முடிய வேலைக்கி வரச் சொல்லிக் கடிதம் வந்து எத்தன நாள்? வாப்பா என்ன சொன்னார்? சாச்சா ராசா மாதிரி பாக்கிறார், என்ட மகள் நெசவு நிலையத்துல தறி மிதிக்கிறதா ன்டார். சாச்சா காப்பாத்துறார் ன்டு வாப்பா நம்புற வரைக்கும் எனக்கு இந்த வாசப்படி தாண்ட ஏலா உம்மா."

"அதுக்கு ஊட்டுக்குள்ளயே பெட்டிசமா?"

"வாப்பாட்டச் சொல்லுங்க, சொல்லுங்க ன்டு எத்தன தரம் ஒங்கட காலப் பிடிச்சேன்? சொன்னீங்களா?"

"அவர் தாங்கமாட்டார்டி."

"அப்ப நான் மட்டும் தாங்கணுமா?" ஜெஸீமாவின் கண் நிறைந்துவிட்டது. மை கரைந்துவிடுமென்று துடைக்கவும் பயந்து அண்ணாந்து பார்த்தாள். "இந்த மாப்பிள்ளையையும் அவர்தானே கொண்டு வந்தார். காப்பாத்துறவர் கொண்டு வந்தா வேணாம் ன்டு சொல்லவும் ஏலுமா?"

கைறுன்னிஸாவுக்கு அடிக்கவும் வந்தது, கட்டிப் பிடிக்கவும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. விறாந்தையில் மகாலிங்கம் பேனையைத் திறந்துவிட்டார்.

"நீங்கள்தானோ புஹாரி முதலாளி? நல்லதாப் போச்சு, உங்கட கடைக்கு நான் அலையத் தேவையில்லை. உங்கட தமையன்ர குடும்பத்தை மாதாமாதம் நீங்கள்தான் பாக்கிறியளாம். உண்மையோ?"

புஹாரி ஒரு கணம் திரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் ஸுபைதா மாமியின் பேச்சு நின்றுவிட்டது. மாமிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"ம்... ஆமாங்க. நானாட குடும்பம்தானே. அல்லாஹ்ட கிருபையால என்னால ஏலுமானத..."

"தம்பி, ஏன் வெக்கப்படுறீங்க?" என்று முன்னறையிலிருந்து ஜுனைதீன் சத்தம் போட்டார். "ஐயா, நல்லா எழுதிக்கங்க! அல்லாஹ்வுக்குப் பொறகு எனக்கு என்ட தம்பிதான். அவர் இல்லாட்டி நாங்க எப்பவோ ரோட்டுல. வேற யாருட ஒதவியும் இந்த ஊட்டுக்கு வேணாம்!"

மகாலிங்கம் எழுதினார். எழுதி முடித்து உரக்க வாசித்தார். "மேற்படி குடும்பத்தை நானே பராமரித்து வருகிறேன். இனிமேலும் பராமரிப்பேன். சரிதானே? இதில ஒரு கையெழுத்து வையுங்கோ முதலாளி."

புஹாரி சட்டைப் பையிலிருந்து பவுண்டன் பேனையை எடுத்து மூடியைத் திருகினார். மெதுவாகத்தான் திருகினார். மாட்டிக்கொண்டது அவருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் மாமி கேட்டுக்கொண்டிருக்க, இல்லையென்று இவர் மறுத்துவிட்டால், மூன்று வருஷமாகச் சும்மா வந்த பேர் என்னாகும்? எழுதுகிறதை எழுதட்டும், கொடுக்கிறதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

கைறுன்னிஸா திரைக்குப் பின்னால் நின்று அந்தப் பேனையைப் பார்த்தாள். அது கடதாசியைத் தொட்டால் கலியாணம் நடக்கும். புருஷனின் மானமும் நிற்கும். ஜெஸீமா நாலந்தாவுக்குப் போய்விடுவாள். பிச்சைச் சம்பளம் மட்டும் போகும். அப்புறம் மாதாமாதம் தம்பி கடைக்குப் போகிறேன் என்று புறப்பட்டால், உண்மையாகவே தம்பி கடைக்குத்தான் போக வேண்டும்.

ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். லொறி புரண்ட முதல் மாதம். மத்தியானம் லுஹர் நேரம் போனவளை மஃரிப் வரை துணிக் கட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார் புஹாரி. வருகிற வாடிக்கைக்காரரிடமெல்லாம், "நானாட பொஞ்சாதி, பாவம், நம்மளத்தானே நம்பி இருக்காங்க," என்றார். கடை பூட்டப் போகும்போது அரை இறாத்தல் பேரீச்சம்பழத்தைக் கடதாசிச் சரையில் சுற்றிக் கொடுத்து, நோன்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கும் அவள் நன்றியாகச் சந்தோஷம் தம்பி என்று சொல்ல வேண்டியிருந்தது. தபால் கந்தோரில் ஒருவனும் அவளைச் சந்தோஷம் சொல்லும்படி கேட்டதில்லை. வரிசையில் நின்றாள், கையெழுத்து வைத்தாள், எடுத்தாள், வந்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு அவள் விறாந்தைக்கு வந்தாள். அந்நிய ஆண்கள் இருக்கிற விறாந்தைக்கு அவள் இப்படி வந்தது இதுதான் முதல் தடவை.

"தம்பி, பேனைய மூடுங்க."

"மதினி, நீங்க உள்ளுக்குப் போங்க. இது ஆம்பளைங்கட..."

"ஐயா, அதக் கிழிச்சிப் போடுங்க. இவர் ஒரு சதமும் தாறல்ல. மூணு வருஷமா ஒரு சதமும் தாறல்ல. ஒங்கட காசிலதான் இந்த ஊட்டுல அடுப்பு எரியுது. நான்தான் இவர்ட பேரச் சொன்னேன். ஜெஸீமாட வாப்பா கேட்டா மனசு ஒடஞ்சி போயிருவார் ன்டு நான்தான் பொய் சொன்னேன். இவர் நல்ல மனுசனா இருந்தா, அது பொய் ன்டு அப்பவே சொல்லியிருப்பார். கேக்க நல்லா இருந்திச்சி, கேட்டுக்கிட்டு இருந்தார்."

மகாலிங்கம் புஹாரிக்கு முன்னாலிருந்த கடதாசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

புஹாரி எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. "நல்லா இருக்கு மதினி. சபையில வச்சி என்ட மானத்த வாங்கிட்டீங்க. இனி எனக்கு நானாவும் இல்ல, நானாட ஊடும் இல்ல. ஆனா ஒண்டு நெனவு வச்சிக்கங்க, இந்தப் புள்ளைக்கி மாத்தளையில ஒரு மாப்பிள்ளையும் கெடைக்காது. நான் பாத்துக்கிறேன்." படியிறங்கிக் காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கார் மாமி பிடித்த கார். அதனால் தனியாகப் போகவும் வழியில்லை.

மகாலிங்கம் தொண்டையைச் செருமினார். "அப்ப அம்மா, இந்தக் கதிரையள்? அந்த ரேடியோ? நான் கண்டதை எழுதாம விடேலாது."

கைறுன்னிஸா வாயைத் திறப்பதற்கு முன்பே திரைக்குள்ளிருந்து ஸுபைதா மாமியின் குரல் வந்தது.

"அது இரவல் ஐயா. பொண்ணு பாக்க வார ஊட்டுல இரவல் சாமான் வைக்கிறது எங்கட ஆளுங்கட முற. என்ட மகளப் பாக்க வந்த அன்டைக்கி எங்க ஊட்டுலயும் அடுத்த ஊட்டுக் கதிரதான் இருந்திச்சி. வேணும்டா எழுதிக்கங்க, நான் சாட்சி."

கைறுன்னிஸாவுக்கு அழுகை வந்துவிட்டது. மாமி முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தார், மருமகள் பின்னால் வந்தாள். கைறுன்னிஸாவின் கையைப் பிடித்து, "புள்ள நல்ல புள்ள. ஊட்டுல பேசிட்டு அறிவிக்கிறோம்," என்றார். அறிவிக்கிறோம் என்றால் என்ன என்று பெண் பிள்ளை பெற்ற யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தங்கக் கரைக் கோப்பையில் ஊற்றின தேத்தண்ணி ஊற்றின மாதிரியே இருந்தது.

கார் போன பிறகு மகாலிங்கம் பழைய கடதாசியைக் குறுக்கே கோடு போட்டு வெட்டிவிட்டு, புதிதாக நாலு வரி எழுதினார். "பெட்டிசம் நிரூபிக்கப்படேல்லை எண்டு எழுதிப்போட்டன். காசு வரும். பயப்பிடாதையுங்கோ."

"ஐயா," என்று திரைக்குள்ளிருந்து ஜெஸீமா கேட்டாள், "நான் வேலைக்குப் போனா?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு நின்றார். "அப்ப அறிவிக்க வேணும் பிள்ளை. உம்முடைய சம்பளத்தைப் பாத்து இது குறையும். கூடப் போனா நிண்டே போகும். பழகுற காலத்துச் சம்பளம் இதைவிடப் பெரிசா வராது. அதுவும் எனக்குத் தெரியும். என்ன செய்யிறது, சட்டம் அப்பிடித்தான் கிடக்கு." படியிறங்கினவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

பிள்ளை உழைத்தால் அரசாங்கம் கொடுக்காது, உழைக்காவிட்டால் கொடுக்கும். கைறுன்னிஸா அந்தக் கணக்கையெல்லாம் அப்போது நினைக்கவில்லை. அவளுடைய காது முன்னறையில் இருந்தது. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். தொழ வுளூச் செய்யத் தண்ணீர் கொண்டுவா என்று அவர் கேட்கவில்லை. அவளே கொண்டுபோய் வைத்தாள். அவர் முகட்டைப் பார்த்தபடியே கிடந்தார். நோனா ராத்தா ஆள் விட்டுக் கதிரைகளைத் தூக்கிப் போனார். ரேடியோவும் போனது. மஃரிப் தொழுகை நேரமும் போனது.

இரண்டு தரம் அறை வாசல் வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் தரம் சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, தட்டோடு உள்ளே போனாள். எப்போதும் போலக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிசைந்தாள்.

"மூணு வருஷமா நான் யாருக்கு துஆக் கேட்டேன் கைறு?"

பிசைந்த கை சோற்றிலேயே நின்றது.

"கேக்கிறேன், சொல்லு. நடுச்சாமம் தஹஜ்ஜுத்துக்கும் முழிச்சி, அழுது அழுது யாருக்கு நான் பரக்கத்துக் கேட்டேன்?"

"தெரியாமக் கேட்டது. அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே. ஒரு வாய் தின்னுங்க."

"எனக்கு வேணாம்."

"நேத்தும் இதே சோறுதானே தின்டீங்க!"

"நேத்து அது என்ட தம்பிட சோறு."

கைறுன்னிஸாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கியது, மூன்று வருஷமாக அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. "இது யாருட சோறு தெரியுமா? இது என்ட சோறு. நான் நடந்து போய், வரிசையில நின்டு, கையெழுத்து வச்சிக் கொண்டு வந்த சோறு. கூப்பன் அரிசி அரசாங்கம் சும்மா குடுக்கிறதுதானே? ஒங்கட தம்பியும் வாங்குறார், ஹாஜியாரும் வாங்குறார். அதத் திங்கிறதுக்கு வெக்கமில்ல, இதுக்கு மட்டும் என்ன வெக்கம்?"

ஜுனைதீன் கத்தாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"கூப்பன் எல்லாருக்கும் வாறது. இது ஏலாதவனுக்கு வாறது."

"ஏலாதுதானே ஒங்களுக்கு!"

சொல்லிவிட்டாள். சொன்ன வாயை அவளே பொத்திக்கொண்டாள். மூன்று வருஷத்தில் டாக்டர் சொன்னதில்லை, ஊர் சொன்னதில்லை, அவளும் இன்றைக்கு வரை சொன்னதில்லை. வாசலில் ஜெஸீமா வந்து நின்றாள். நெசவு நிலையத்துக் கடிதம் அவள் கையில் இருந்தது. வாப்பாவிடம் கேட்க வந்தவள், அவருடைய முகத்தைக் கண்டதும் கடிதத்தைத் தாவணிக்குள் மறைத்தாள்.

ஜுனைதீன் கண்ணை மூடினார். மூடின கண்ணோரத்தால் தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. துடைக்கப் போன அவளுடைய கையைத் தட்டிவிட்டார்.

"என்னச் செவரு பக்கம் திருப்பி விடு," என்றார்.

"ஒரு வாய் தின்டுட்டு..."

"திருப்பி விடு கைறு. ஒங்க ரெண்டு பேர்ட மொகத்தையும் எனக்கு இப்ப பாக்க ஏலா."

கைறுன்னிஸா தட்டைக் கீழே வைத்துக் கையைக் கழுவினாள். ஒரு கையை அவருடைய தோளுக்குக் கீழும் ஒரு கையை இடுப்புக்குக் கீழும் கொடுத்தாள். ஜெஸீமா ஓடிவந்து கால்களைப் பிடித்தாள். தாயும் மகளுமாக, எங்கும் நோகாமல், அவர் கேட்டபடியே தங்களுக்கு முதுகைக் காட்டி அவரைப் படுக்க வைத்தார்கள்.